மேல்விளிம்பில் ஒரு மேடு

அத்தியாயம் 14

பிளேடும் கையுமாக அக்காவை ஒரு வாரம் அப்படியே உட்கார வைத்துவிட்டோம். பாவம், கை வலித்திருக்கும்.

முன் வாரங்களைப் படிக்காமல் விட்டவர்களுக்கு நாலு வரி. கிதார் பிக்கப் செய்கிற வீடு இது. கம்பி சுற்றுகிறவள் அக்கா. தெருவே அவளைக் கம்பியக்கா என்றுதான் கூப்பிடும். பற்றவைப்பது, மெழுகில் முக்குவது, கம்பி வாங்கி வருவது எல்லாம் அவள் வீட்டுக்காரர் பொறுப்பு. எந்நேரமும் சால்டரிங் வாசனையோடு திரிவதால் அவருக்கு ஈயம் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் "கம்பியக்கா வீட்டுக்காரரா நீங்க?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். செய்த பிக்கப்பை வாசித்துப் பார்த்து ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிப்பது அக்காவின் தம்பி. அவன் பெயர் சவுண்டு. ஏன் என்று அவன் வாயைத் திறந்தால் தெரியும்.

சென்ற வாரம் பக்கத்துத் தெரு ரிப்பேர்காரர் ஒரு செத்த பிக்கப்பைக் கொண்டுவந்தார். இப்போது கடை கடையாகத் தொங்குகிற பெரிய கம்பெனி ஒன்றின் சரக்கு. மூடியில் தங்க எழுத்தில் 'கைச்சுற்று' என்று போட்டிருந்தது. மீட்டரை வைத்தால் எதுவும் காட்டவில்லை. உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. அதைப் பிரிக்கத்தான் அக்கா பிளேடை எடுத்தாள்.

இப்போது பிளேடு இறங்கியது. சுருளைச் சுற்றி ஒட்டியிருந்த கறுப்பு நாடா விலகியது.

பிக்கப் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஆறு காந்தக் குச்சிகள், மேலும் கீழும் இரண்டு அட்டைகள், நடுவில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. எட்டாயிரத்துச் சொச்சம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தத்தின் வீச்சு கலையும். அந்தக் கலைவு கம்பிக்குள் துளி மின்சாரமாக ஓடும். அதை வாங்கி ஊருக்குக் கேட்கும்படி சொல்வது ஆம்ப். அவ்வளவுதான். ஆனால் அந்த எட்டாயிரம் சுற்றை எப்படிச் சுற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம். மெஷின் வரிசை பிசகாமல் அடுக்கும். கை அப்படி அடுக்காது. கம்பி கொஞ்சம் குறுக்கே ஓடும், இடையில் காற்று தங்கும், தொனி திறந்துகொள்ளும். அக்காவின் பிக்கப்புக்கு ஆள் காத்திருப்பது அதற்காகத்தான்.

அவள் லென்ஸைக் கண்ணில் வைத்துச் சுருளைப் பார்த்தாள். பிறகு லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

சுருளின் மேல்விளிம்பில் ஒரு மேடு இருந்தது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?" என்றார் ரிப்பேர்காரர்.

"இதை யாரு சுத்தினது?"

"யாரும் இல்ல, மெஷின். அந்தக் கம்பெனில மனுஷக் கை கம்பியைத் தொடுறதே இல்லையாம். ஆனா கை சுத்தின மாதிரியே சுத்துமாம். அதான் அவங்க பெருமை."

"உங்க கடையில இதே மாதிரி வேற இருக்கா?"

"ரெண்டு கிடக்கு."

"கொஞ்சம் கொண்டு வாங்களேன்."

அவர் போய் எடுத்து வந்தார். அவற்றின் நாடாவையும் அக்கா பிரித்தாள். மூன்றிலும் அதே மேடு. ஒன்றில் பாதிக் கம்பியைப் பின்னோக்கி உருவிப் பார்த்தாள். வெளிப்பாதி நெருக்கி நெருக்கி ஓடியது, நாலாயிரமாவது சுற்றுக்குக் கீழே போனதும் வீச்சு அகன்றது. நாலாயிரத்தில் கை மாற்றுவது, அதாவது கம்பியை ஓட்டுகிற விதத்தை மாற்றுவது, அவள் பழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகப் பிடித்துக்கொண்டது. கம்பியின் எனாமல் பூச்சுகூட இந்த வீட்டுக்கு வருகிற அதே காப்பிப்பொடி நிறம்.

ரிப்பேர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "சாயங்காலத்துக்குள்ள அந்த முதல் பிக்கப் வேணும்மா, பையன் மேடை ஏறணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் தொல்லை.

போன வருஷம் அட்டை வெட்டுகிற பிளேடு அவள் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்தது. நாலு தையல். மூன்று வாரம் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கம்பியை விட்டுச் சுற்றினாள். நடுவிரல் நீளம், கை சாய்ந்தது, கம்பி மேல்விளிம்பில் போய்க் குவிந்தது. அப்படிச் சுற்றிய பதினோரு சுருளையும் அவளே அறுத்துக் குப்பையில் போட்டாள். ஒன்றுகூட வாசல் தாண்டவில்லை.

ஆக, அந்த மேடு இருந்த இடம் இரண்டே இரண்டு. ஒன்று அவள் மனசு. இன்னொன்று கேமரா. அதில் பதிந்ததைப் பார்த்துத்தான் மெஷின் அவள் கையைக் கற்றிருக்க வேண்டும்.

அந்த மூன்று வாரமும் அவள் கைக்கு நேராகக் கேமரா வைத்தவன் தம்பி. "நம்ம வேலையை ஊருக்குக் காட்டலாம்க்கா, விரல்ல கட்டோட சுத்துறே, பார்க்கிறவன் கண்ணுல தண்ணி வரும்" என்றான். பிறகு ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, படமெல்லாம் அழிந்துவிட்டது என்றான். போனால் போகிறது என்று அவளே அவனுக்குச் சமாதானம் சொன்னாள்.

அக்கா தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். காலையிலேயே கம்பி வாங்கக் கிளம்பிப் போனவர்.

ஈயம் ஹலோ சொல்கிற வழக்கமே கிடையாது. எடுத்ததும் பேச்சுதான். "பெரிய ரீல் தீந்துபோச்சாம், சின்னதுதான் இருக்காம், வாங்கிரட்டா?"

"ரீலை விடுங்க." சொன்னாள். மூன்று பிக்கப், மேடு, நாலாயிரம், நடுவிரல். இந்த நாலையும் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் இரைச்சல் கேட்டது.

"நல்லாப் பார்த்தியா?"

"மூணையும் பார்த்தேன்."

"அவன்கிட்ட கேட்டியா?"

"இன்னும் வரல."

"கேக்காத. நான் சாயங்காலம் வந்து பேசிக்கிறேன். நீ கேட்டா உடைஞ்சு போயிடுவ." பிறகு குரலைத் தாழ்த்தி, "விரல் மரத்துப் போறது நின்னுடுச்சா?" என்றார்.

"அது எப்பவோ நின்னுடுச்சுங்க."

"ஜாக்கிரதை."

வாரத்துக்கு ஒரு தடவையாவது விரலைக் கேட்டுவிடுவார் மனுஷர். இந்த நேரத்திலும் கேட்கிறாரே என்று அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வீட்டில் தனக்கு ஒருத்தராவது இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க முடியுமா? அக்கா கம்பியைப்போல மெல்லியவள்தான், ஆனால் கம்பியைப்போலவே இழுத்தால் அறுந்துவிடுகிறவள்.

மூன்று மணிக்குச் சவுண்டு வந்தான். தெருமுனையில் வரும்போதே அவன் பாட்டு வந்துவிட்டது. கிதாரைச் சுவரில் சாய்த்தான், ஆம்ப்பைப் போட்டான், தன் பட்டன் போனைப் பெஞ்சில் வைத்தான்.

அந்தப் பட்டன் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று நல்ல போன்களை மேடையிலிருந்து கீழே போட்டு உடைத்த பிறகு அவனுக்கு வாய்த்த போன் அது. பட்டறையில் அதற்குத் தனி வேலை உண்டு. புதிதாகச் சுற்றிய சுருளைத் தந்தியில்லாமலே சோதிக்க, போனில் பாட்டை ஓடவிட்டு அதைச் சுருள்மேல் படுக்க வைப்பார்கள். போனின் ஸ்பீக்கருக்குள்ளும் காந்தமும் கம்பியும்தானே? அதன் துடிப்பைப் பிக்கப் வாங்கிக்கொள்ளும், பாட்டு ஆம்ப்பில் வரும். "பிக்கப் நம்ம வீட்டு ஆளு மாதிரிக்கா. நேர்ல கத்தினா கேக்காது, போன்ல பேசினா கேக்கும்" என்பான் சவுண்டு.

இன்று பெஞ்சில் மூன்று சுருள் வரிசையாக இருந்தன. அவன் பாட்டை ஓடவிட்டபடியே குனிந்தான்.

"என்னக்கா, மூணும் ஒரே அச்சு?"

"நீயே சொல்லு."

லென்ஸை வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் நிமிரவில்லை. அவன் வாயும் ஓய்ந்தது. அவன் ஓய்ந்து அக்கா பார்த்ததே இல்லை.

"விரல் கிழிஞ்சப்ப ஒரு படம் எடுத்தியே, அது எங்கே?"

"அழிஞ்சு போச்சுன்னு சொன்னேனேக்கா."

"என் காதுல பூ சுத்தாத. சுத்துறது என் தொழில்."

அவன் சால்டரிங் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சூடில்லாமல் காலியாக நின்றது அது.

"நான்தான் குடுத்தேன்" என்றான்.

இல்லை என்று சொல்வான், சத்தம் போடுவான், சத்தியம் பண்ணுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை.

"எதுக்குடா?"

அவன் லென்ஸைப் பெஞ்சில் வைத்தான்.

"கேட்டிருந்தா நானே அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சுத்திக் காட்டியிருப்பேனே. என் பேரைப் போடக்கூட வேணாம். நீ கேக்கணும்ல? திருடினதுதான் திருடினே, நல்ல கையா பார்த்துத் திருடக்கூடாதா? நான் அறுத்துக் குப்பையில போட்டதைக் கொண்டுபோய் ஊர் பூரா தொங்கவிட்டிருக்கே!"

"அக்கா, இப்ப என்கிட்ட எதுவும் கேக்காத."

"அம்மா போனப்ப உனக்கு ஒன்பது வயசு. அன்னிக்கே யாரோ சொன்னாங்க, வளர்த்த கடா மார்ல பாயும்னு. நான் அவங்களோட பேச்சு வார்த்தையையே விட்டேன்."

அவன் முகம் கோணியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவனைச் சொல்ல விட்டிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். அவள் விடவில்லை.

"பட்டறைச் சாவியை வெச்சிட்டுப் போ. நான் கூப்பிடாம இந்த வாசல்ல கால் வைக்காதே."

சவுண்டு சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். கிதாரை எடுக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. கதவை ஓங்கி அறைகிற பயல், அன்றைக்கு அதைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, சாயங்காலத்துக்குக் கேட்ட பிக்கப்பை எடுத்து வைத்தாள். யார் துரோகம் பண்ணினால் என்ன, மேடை ஏறுகிற பையன் என்ன பாவம் செய்தான்?

பழைய கம்பியை ஒட்ட அறுத்து எறிந்தாள். அந்த மேட்டைத் தன் கையாலேயே இரண்டாம் தடவை அறுக்கிறோம் என்று தோன்றியது. காந்தங்களைத் துடைத்து, சட்டத்தைச் சுற்றுமெஷினில் மாட்டினாள். தையல் மெஷின் மோட்டாரில் ஓடுகிற மெஷின் அது. சுற்றை எண்ணுவதற்கு ஒரு பழைய கால்குலேட்டர். சக்கரம் ஒரு தடவை சுற்றினால் அதில் ஒன்று கூடும். ஈயம் வயர் இழுத்துச் செய்துகொடுத்தது.

பெடலை மிதித்தாள். கம்பி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடியது. இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் பின்னால் ஆம்ப்பில் கிறீச்சிடும். ஆயிரம். இரண்டாயிரம். ஒன்பது வயசுப் பையனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட விரல்கள் இவை என்று நினைத்தாள், உடனே நினைப்பை விரட்டினாள். நாலாயிரத்தில் கை மாற்றினாள். மோட்டாரின் உறுமல் ஒரு பிடி இறங்கியது, அவள் கால் தானாக அப்படி மிதிக்கும். எட்டாயிரத்து நூறில் நிறுத்தினாள்.

ஈயம் வந்துதான் பற்றவைக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமையில்லை, அவளே இரண்டு முனையையும் பற்றவைத்தாள். கொஞ்சம் கோணல்தான், ஆனால் பிடித்துக்கொண்டது. மீட்டர் ஆறு கிலோ ஓம் என்றது, கம்பி எங்கும் அறுபடவில்லை. மெழுகுக்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி.

தம்பியின் போனில் பாட்டு ஓடி ஓய்ந்திருந்தது. மறுபடி தட்டிவிட்டு, அதைச் சுருள்மேல் படுக்க வைத்தாள். ஆம்ப்பில் பாட்டு வந்தது. திறந்த, நல்ல தொனி. இதைக் கேட்டுக் கத்த அவன் இல்லையே என்று ஒரு கணம் வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தின்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பாட்டு பாதியில் நின்றது. போன் மணி ஆம்ப்பில் அலறியது. திரையில் 'அத்தான்'.

ஈயம்தான். அக்காவுக்குச் சிரிப்புகூட வந்தது. சாயங்காலம் வந்து பேசிக்கிறேன் என்றவருக்குப் பொறுக்கவில்லை, அதற்குள் மச்சானைக் கூப்பிட்டுத் திட்டப்போகிறார். எனக்காக. பச்சைப் பட்டனை அழுத்தினாள். நான்தாங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

சொன்னேனே, ஈயம் ஹலோ சொல்லமாட்டார்.

"மச்சான், அவ பிரிச்சுப் பார்த்துட்டா." பெஞ்சுக்கு எதிரே ஆம்ப் பேசியது. அறை முழுக்க அவர் குரல். "அவ கேட்டா, பேசி வெச்ச மாதிரியே உன் தலையில போட்டுக்க. உன் மேல கோபம் நாலு நாள்தான். என் மேலன்னா வீடு ரெண்டாயிடும். படம் எடுத்தது நீ, அதை இங்க கொண்டுவந்து குடுத்தது நான். உனக்கே போன மாசம்தான் தெரியும். அது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். உங்க அக்கா நிம்மதிதான் முக்கியம்."

அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது.

"இன்னொண்ணு கேளு. இங்க இருக்கிறவங்க அந்த மேட்டைக் கண்டுபிடிச்சிட்டாங்க, என் உயிரை எடுக்கிறாங்க. நல்ல விரலோட சுத்துற படம் வேணுமாம். ஒரே ஒரு நாள் கேமராவை வை. அது வந்தாத்தான் சூப்பர்வைசர் நாற்காலி எனக்கு. எத்தனை காலம்தான்டா நான் கம்பியக்கா வீட்டுக்காரனாவே இருக்கிறது? விரல் மரத்துப் போறது நின்னுடுச்சாம், இன்னிக்குக்கூடக் கேட்டேன்."

வாரா வாரம் கேட்டாரே. வாரா வாரம்!

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மத்தியானம் "அவன்கிட்ட கேட்டியா" என்றாரே. எவன் என்று அவள் சொல்லவே இல்லை. தம்பி என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வரவில்லை. அவர்தான் அவனைக் கைகாட்டினார், அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளையைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள்.

பெஞ்சில் சாவி கிடந்தது.

"என்ன சவுண்டு, சவுண்டே இல்ல?" என்றது ஆம்ப்.

அவர் பேச்சு நின்றதும் பின்னாலிருந்த இரைச்சல் தெளிவாகக் கேட்டது. மத்தியானம் கேட்ட அதே மெஷின். கம்பிக் கடையில் மெஷின் ஏது? ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த உறுமல், அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பிடி இறங்கியது. நாலாயிரம். அவள் கை மாற்றுகிற இடம்.

அக்கா போனை எடுக்கவில்லை. குனிந்து, அதன் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள்.

"விரல் நல்லா இருக்குங்க. கேமராவை நானே எடுத்து வெக்கிறேன். வீட்டுக்கு வாங்க."

அந்தப் பக்கம் மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, அவளுடைய நடுவிரலோடு.